கடல் இடது கைப்பக்கம்

வழி சொல்வதற்கென்றே அல்லா ஒரு மனிதரைப் படைத்தான் என்றால், அது எங்கள் ஊர் புதுமடத்து மாலுமி காக்காதான். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். அவர் கப்பல் ஓட்டியவரல்ல. தோணியில் கால் வைத்தாலே குமட்டும் ஆசாமி. வழி கேட்காதவனையும் பிடித்து நிறுத்தி வழி சொல்வார். அதில் ஒட்டிக்கொண்ட பேர்.

அவருடைய சாஸ்திரம் ஒரே வரி. "ஏலே, கடல் இடது கைப்பக்கம் இருந்தா நீ போறது மேற்கு. இதுக்கு எதுக்குப் படிப்பு?" கடல் தெற்கே கிடக்கும் எங்கள் கரையில் இது பிசகியதே இல்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் நேரே மேற்கே இருக்கும் மாரியூரில் போய் நிற்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அவரும் நானும் ஒரே கப்பலில் பினாங்கு போனோம். ஆளுக்கொரு மூட்டை. என் சட்டைப்பையில் மட்டும் அங்கே ஒரு கடையில் இருந்த மச்சான் எழுதிய கடிதம்: 'முதலாளி ஒரு ஆளுக்குத்தான் வேலை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும்போது நீ இல்லையென்றால் வேறு ஆள் வந்துவிடுவான். கப்பல்துறையிலிருந்து நேர் மேற்கே மூன்றாவது தெருமுனை.' காற்றிலும் மழையிலும் அலைக்கழிந்து, வியாழக்கிழமை நன்றாக இருட்டிய பிறகுதான் எங்கள் கப்பல் கரை சேர்ந்தது. வானத்தில் ஒற்றை நட்சத்திரம்கூட இல்லை.

"மேற்கா? வா, அஞ்சு நிமிசம்" என்று காக்கா கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். ஒரு மணி நேரம் நடந்தோம். கடையைக் காணோம், பலகை அடுக்கிய கொட்டகைகளும் நாய்களும்தான். ரிக்‌ஷாக்காரச் சீனர் ஒருவரிடம் கடித உறையின் பின்பக்கம் மச்சான் எழுதியிருந்த கடையின் இங்கிலீஷ் விலாசத்தைக் காட்டினேன். அவர் நாங்கள் வந்த வழியையே கை காட்டினார்.

"பாவம், அவனுக்குத் திசை தெரியல" என்றார் காக்கா.

"ஏதாச்சும் சத்திரம் பாத்துப் படுப்போம் காக்கா."

"வழி தெரிஞ்சவன் சத்திரத்துக்குக் காசு குடுப்பானாடா?"

மழை பிடித்துக்கொண்டது. பூட்டிய கடை ஒன்றின் வாசலில் ஒதுங்கினோம். வேலை போச்சு, எந்த முகத்தோடு ஊர் திரும்புவது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் குறட்டை.

விடிந்தது. கடல் பக்கத்திலிருந்து சூரியன் எழும்பியது. காக்கா எழுந்து கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார்.

"யா அல்லா! இந்த ஊருல சூரியன் தெக்கால உதிக்குது!"

"அது கிழக்கு காக்கா! இங்கன கடல் கிழக்க இருக்கு!"

"இப்படி மாத்தி வச்சது எவன்டா?" என்றவர், அடுத்த நிமிஷம் என் மூட்டையையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே ஓட்டம் பிடித்தார். நாற்பது வயதுக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

மச்சான் கடைப்பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதலாளி சாம்பிராணிச் சட்டியோடு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "வந்துட்டியா? மூஞ்சியக் கழுவிட்டு அந்த அரிசி மூட்டையப் பிரி." அப்பாடா, பிழைத்தேன்.

மச்சான் காக்காவிடம் திரும்பினார். "நீங்க எங்கன தங்கப் போறீக?"

"என் தம்பி வீட்டுல. கப்பல்துறைக்கு எதுத்தாப்புல. நேத்து எறங்கும்போதே பாத்தேன், வெளக்கு எரிஞ்சுச்சு."

"அப்ப ராத்திரியே போய்ப் படுத்திருக்கலாமே!"

காக்கா மூச்சிரைக்க என்னைக் காட்டினார். "எப்படிப் போறது? இவன் ஒத்தையில இருந்தானே."

பிறகு அந்த ஊரில் எனக்குச் சரியாக வழி காட்டியவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் முகமும் நினைவில்லை. மாலுமி காக்காவைத்தான் மனசு தேடுகிறது.