உறை பிரிக்காத மெத்தை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு எங்கள் வீட்டுக்குப் புது மெத்தை வந்து இறங்கியது. இறக்கியவர்கள் வண்டியைத் திருப்புவதற்குள் எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "பிரிக்காதீங்க அம்மணி" என்றார். எங்களுக்குக் கெட்ட காலம் தொடங்கியது அப்போதுதான்.

சிங்காநல்லூரில் எங்கள் வீதியில் அவருக்குப் பெயரே பிரிக்காதீங்க. உலகத்தில் எந்தப் பொருளையும் பழசாக விடாமல் காத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். கார் சீட்டெல்லாம் ஷோரூமில் போட்டுக்கொடுத்த பாலித்தீனோடுதான் இருந்தது; சித்திரை வெயிலில் அவிநாசி வரை அதில் போனவர்கள் குளித்துவிட்டு வந்த மாதிரி இறங்குவார்கள். டிவி ரிமோட்டுக்கு உறை, உறைக்கு மேல் ரப்பர் பேண்ட். எந்த பட்டன் எது என்று தெரியாததால் அந்த வீட்டில் ஒரே சேனல்தான் ஓடும்.

அவர் பம்புசெட் கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க மோட்டாரைப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்தவர். "பெட்டிக்குள்ள இருக்கற மோட்டாரு ஒண்ணாவது ரிப்பேருன்னு திரும்பி வந்திருக்குதுங்களா? பிரிச்சதுதானுங்க வரும்" என்பார்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. பழைய இலவம்பஞ்சு மெத்தையின் தூசி ஆகவில்லை என்றுதான் புதிது வாங்கவே கிளம்பினோம். நாங்கள் கூப்பிடாமலே அவரும் கடைக்கு வந்தார். உடுமலைச் சந்தையில் தேங்காய் பார்ப்பதைப் போல ஒவ்வொரு மெத்தையையும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். கொஞ்சம் அமுங்கினால் அது சீக்காளிக்கானது என்று ஒதுக்கினார். கடைசியில் தட்டிய விரலை உதறிக்கொண்டு, முதுகுக்கு இதுதான் நல்லது, கல் மாதிரி இருக்கிறது என்று ஒன்றைக் காட்டினார். கடைக்காரர், கல் மாதிரி இருப்பது எல்லா முதுகுக்கும் ஆகாது, பாப்பா ஒருமுறை படுத்துப் பார்க்கட்டும் என்றார். இவருக்குத் தாங்கவில்லை.

"படுத்துப் பார்த்தா அது பழைய மெத்தை ஆயிருமுங்களே."

நாங்கள் உடுமலைப்பேட்டையிலிருந்து குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் கணவர் ஊரில் இல்லாத நாட்களில் மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறவர் அவர்தான். அப்படிப்பட்டவர் இத்தனை 'ங்க' போட்டுச் சொல்லும்போது எப்படி மறுப்பது? அவர் காட்டிய கல் மெத்தையையே வாங்கினோம்; வீட்டுக்கு வந்ததும் உறையைப் பிரிக்கவில்லை. அதன் மேலேயே விரிப்பைப் போட்டோம்.

மகள் புரண்டு படுத்தால் பக்கத்து அறையில் யாரோ முறுக்கு தின்கிற சத்தம் கேட்கும். விரிப்பு விடிவதற்குள் தரைக்கு வந்துவிடும். முதுகெல்லாம் வேர்வை. அவரிடம் சொன்னபோது, உறைக்கு மேல் ஒரு ஜமக்காளத்தைப் போடச் சொன்னார். போட்டோம். அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தது. கொஞ்ச நாளில் அறையில் ஒரு வாடை வந்தது. அது சிங்காநல்லூர்க் குளத்துக் காற்று, ஜன்னலைச் சாத்துங்கள் என்றார். சாத்தினோம். மகள் இருமத் தொடங்கியதும் தினமும் காலையில் தன் வீட்டுக் கற்பூரவல்லியைக் கிள்ளிக்கொண்டு வந்தார். அந்தச் செடி இருந்த தொட்டியும் உறையோடுதான் இருந்தது.

ஐப்பசி மழை விடாமல் பெய்த வாரம். ஒரு காலை, பல் துலக்கப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சு வரவில்லை. இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

மாஸ்க் மாட்டி, ஊசி போட்டு, மூச்சு கொஞ்சம் வழிக்கு வந்த பிறகு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, எதில் படுக்கிறாள் என்பது. சொன்னேன். அந்த உறை லாரியில் நனையாமல் வருவதற்காகப் போட்டது, படுப்பதற்கு இல்லை என்றார். வேர்வை போக வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். உறையைக் கழற்றுங்கள், துவைக்கிற மாதிரி துணி உறை போடுங்கள், மெத்தைக்குக் காற்றுப் படட்டும் என்றார். என் கணவர் வீட்டுக்குப் போய் ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். அடிப்பக்கம் முழுக்கக் கருப்பாம்.

மதியம் பிரிக்காதீங்கவின் மனைவி ரசம் சாதம் கொண்டுவந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கேரியரைக் கீழே வைத்துவிட்டார்.

"நெசமாவே பிரிக்கலீங்களா அம்மணி?"

"அண்ணன்தானுங்களே பிரிக்கவேண்டாம்னாரு."

"ஐயோ சாமி. அவரு சொன்னா சரிங்கன்னு சொல்லிப்போட்டு, அவரு அந்தப் பக்கம் போனதும் பிரிச்சுக்கோணுமுங்க. வீதி முச்சூடும் அப்படித்தானுங்க. இல்லைன்னா அவரு மனசு நோவுமில்லீங்களா?"

கோடி வீட்டில் அவர் வருவது தெரிந்தால் சோபாவுக்கு உறையை மாட்டிவிட்டுத்தான் கதவையே திறப்பார்களாம். இந்த அக்காவே கால்வலி என்று சாக்குச் சொல்லி அடுத்த அறையில் துணி மெத்தையில்தான் படுக்கிறாராம். எங்களுக்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்திருக்கிறார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்கு அழுகைதான் வந்தது. அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னைக்கு ஊட்டுக்குப் போயி அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போடறேனுங்க" என்று எழுந்து போனார்.

அவர் வந்தால் கேட்பதற்கென்று நான் கடுமையான வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். சாயங்காலம் வரை வரவில்லை. மகள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது வார்டு வாசலில் நிழல் தெரிந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, குளித்து, விபூதி பூசி, கோயிலுக்கு வருகிறவர் மாதிரி நின்றார். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது. மகள் அவரைப் பார்த்ததும் கட்டிலில் காலை மடக்கி அவர் உட்கார இடம் விட்டாள். அவர் உட்காரவில்லை.

"கண்ணு, மூச்சு சுலுவா வருதா?"

அவள் தலையாட்டினாள். அவர் என் பக்கம் திரும்பினார். சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு, நான் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அம்மணி, வீதில அத்தனை பேரும் எங்கிட்ட சரிங்கன்னு சொல்லிப்போட்டு அவிங்கவிங்க இஷ்டத்துக்குத்தான் இருந்திருக்காங்க. இன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது. எம்பேச்ச நம்புனது நீங்க ஒருத்தருதான், உங்களுக்குப் போயி இப்படிச் செஞ்சுபோட்டேன். இனிமேல் நான் எது சொன்னாலும் கேக்காதீங்க. ஆனா, கேக்கலைன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிப்போடுங்க."