சைக்கிள் மணி கொண்ட படலம்

வாழ்க அவன்! இருசக்கரம் உருட்டி எண்திசையும் சேறு தெறிக்க வருவோனே, மழைக்கோட்டுக் கவசம் பூண்டோனே, காற்சட்டையின் வலக்கால் அடிமடிப்பில் துணிக் கிளிப் செருகிய தனிப்பெருந் தலைவனே, குழாய் விற்கும் கம்பெனியில் உதவிக் கணக்கராய் வீற்றிருந்து கூட்டலையும் கழித்தலையும் புறமுதுகிடச் செய்து, பெருக்கலிடம் மட்டும் அவ்வப்போது தோற்றுப்போகும் பேராண்மையாளனே, வாழ்க, வாழ்க! உன் புகழைச் சொல்லி முடிக்க எமக்கு நாவும் போதாது, நேரமும் போதாது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? சொல்கிறோம். நடுவில் கொட்டாவி விடுவோர் இப்போதே எழுந்து போய்விடலாம்.

அவன் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே, நெடுமதில் இரண்டு தோளோடு தோள் உரச நெருங்கி நின்ற இடுக்கில், ஒருவர் நடந்தால் ஒய்யாரம், இருவர் நடந்தால் இடிபாடு என்னும்படி ஒரு சந்து கிடந்தது. அச்சந்தின் நட்டநடுவே காலைதோறும் ஒருவர் நடப்பார். ஒரு கையில் குடை, மறுகையில் சாப்பாட்டுப் பை, இரண்டையும் வீசி வீசி, ஊரையே விலைக்கு வாங்கியவர் போல் ஆடி அசைந்து செல்லும் அவர் யார்? அவரே நம் தலைவனின் மேனேஜர். அவரை முந்தவும் வழியில்லை, முந்தாமல் இருக்கவும் வழியில்லை. ஏனெனில் அவர் நாற்காலியில் அமர்ந்தபின் உள்ளே நுழைபவன் எவனாயினும் அவன் லேட் என்பது அக்கம்பெனியின் அசைக்கவொண்ணாச் சட்டம். அவர் முதுகைத் தரிசித்தபடியே அங்குலம் அங்குலமாய் ஊர்ந்து, சைக்கிளைப் பூட்டி, மூச்சிரைக்க உள்ளே வருபவனைப் பார்த்து, "ஏன்யா லேட்டு?" என்று கேட்பவரும் அவரே. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

இன்னும் ஒரே ஒரு லேட் ஆனால் அரை நாள் லீவு பறிபோகும். அந்த ஆண்டில் அவனுக்கு மிச்சமிருந்ததே அந்த அரை நாள்தான். அதையும் அவன் தன் மகளுக்கு வாக்களித்திருந்தான். பள்ளி நாடகத்தில் அவள் மரம். வசனம் ஏதுமில்லை, கைகளை விரித்துக் கடைசிவரை நிற்க வேண்டும், அவ்வளவே. "நான் அசையவே மாட்டேன்ப்பா, நீ வந்து பாரு" என்று அவள் சொன்னபோது, "வராம இருப்பேனா!" என்று மார்தட்டியவன் அவன். பெற்ற மனம் அல்லவா? அந்த அசையாத மரத்தைக் காண அப்படித் துடித்தான்.

மணி இல்லாதவனா அவன்? இருந்தது ஒன்று. குழம்புக் கிண்ணம் அளவு, இரும்புப் பூட்டின் கனம், தீயணைப்பு வண்டியின் தொண்டை. அதை ஒருமுறை அவன் அடித்தபோது மேனேஜர் துள்ளிய துள்ளலில் சாப்பாட்டுப் பை மதிலுக்கு அப்பால் பறந்தது. அன்றைக்கு அவர் பட்டினி, கம்பெனிக்கே கெட்ட நேரம். போதாக்குறைக்கு நம் தலைவன் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. மாலைதோறும் சைக்கிளைத் தோளில் சுமந்தேறும் அத்தோளாளனுக்கு ஒரு திருகாணி கூடினாலும் முதுகு பிடித்துக்கொள்ளும். ஹேண்டில்பாரிலோ விளக்கும் கண்ணாடியும் பை மாட்டும் கொக்கியும் குடியேறிவிட்டதால், எஞ்சிய நிலப்பரப்பு கட்டைவிரல் அகலமே. அந்தக் கட்டைவிரல் நாட்டை ஆளத்தக்க சிற்றுருவும், இறகன்ன இலேசும், மேலதிகாரி செவிக்கு உகந்த பணிவும் ஒருங்கே வாய்த்த மணி ஒன்றைக் கொணர்வேன், அன்றேல் வீடு திரும்பேன் என அவன் வஞ்சினம் உரைத்தான்.

"ஒரு பெல்லுக்கா இவ்வளவு அலட்டல்? திரும்பி வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று வீரத்திலகமிட்டு வழியனுப்பினாள் மனைவி. திலகம் இல்லை, வசனம் மட்டும்தான்.

சைக்கிள் கடை என்னும் போர்க்களம் புகுந்தான். டயர்கள் வளையம் வளையமாய்த் தொங்க, கிரீஸ் மணம் கமழ, கண்ணாடிப் பெட்டிக்குள் அணிவகுத்து நின்றது மணிப்படை. முதல் மணி "தள்ளு!" என்றது. மேனேஜரைப் பார்த்து இப்படிச் சொன்னால் வேலை என்னாவது? கீழே வைத்தான். அடுத்தது "ஏய்!" என்றது. வியர்த்துவிட்டது அவனுக்கு. வேறொன்று ஓசையில் உத்தமம்தான், ஆனால் தூக்கிப் பார்த்தால் அம்மிக்குழவி. பொத்தானை அமுக்கினால் பாடும் பேட்டரிப் பெட்டி ஒன்று, பிறந்தநாள் வாழ்த்தைத் தொடங்கிவிட்டு நிறுத்த மறுத்து, கடைக்காரர் குட்டிய பிறகே அடங்கியது. பிளாஸ்டிக்கில் ஒரு பிஞ்சு மணி, எடையே இல்லை, ஆனால் சத்தமும் இல்லை. எறும்புகூட அதற்கு ஒதுங்காது. இவ்வாறு ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்தி, கண்மூடி எடை பார்த்து, காதருகே தட்டித் தலையசைத்து நின்றவனைக் கண்ட கடைக்காரர் பொறுமை கடந்து முழங்கினார்: "சார், சைக்கிள் வாங்குறவங்ககூட இவ்வளவு யோசிக்கிறதில்ல சார்!"

முழங்கியவர் மேசை இழுப்பறைக்குள் கைவிட்டுத் துழாவி, எலுமிச்சம்பழத்தைப் பாதியாய் அரிந்தாற்போன்ற பித்தளைக் குமிழ் ஒன்றை எடுத்துப் போட்டார். அவன் அதைத் தட்டினான். ஆகா! "ஐயா, கொஞ்சம்..." என்றது அது. அதட்டவில்லை, கெஞ்சவுமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்பவனின் குரல். கையில் வைத்திருப்பதே தெரியவில்லை. நம் தலைவனுக்குக் கண் கலங்கியேவிட்டது. வீடு வந்ததும் "பெல் எங்க?" என்ற மனைவியிடம், "பெல்லுனு சொல்லாத, மணின்னு சொல்லு" என்றான். பாலை மறந்திருந்தான். அதற்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே பாட மாட்டோம்.

மறுநாள் விடிந்தது. தூறல். தலைமுதல் கால்வரை மழைக்கோட்டுக்குள் புகுந்த வேந்தன் சந்துக்குள் நுழைந்தான். முன்னே விரித்த குடையுடன் மேனேஜர், மதிலுக்கு மதில் அடைத்து, மலையென. கட்டைவிரல் எழுந்தது, விழுந்தது. 'டிங்.' அவ்வளவுதான்! குடை சாய்ந்தது, மலை நகர்ந்தது, வழி பிறந்தது. திரும்பிக்கூடப் பாராமல் அவர் திருவாய் மலர்ந்தார்: "போங்க தம்பி."

போங்க! வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் யோவ் என்றும் என்னய்யா என்றும் மட்டுமே விளித்த அந்த வாயிலிருந்து, போங்க! தேன் வந்து பாய்ந்ததோ செவியில்! சந்தைக் கடந்தான், அலுவலகம் கண்ணுக்குத் தெரிந்தது. நேரே போயிருக்கலாம். போயேன்டா மகராசா! போய் உட்காரேன்! கேட்டானா? இன்னொரு தரம் அந்தச் சொல்லைக் கேட்கும் பேராசை பிடரியைப் பிடித்துத் தள்ள, கடைத்தெரு வழியே பறந்து சுற்றிவந்து, சந்தின் வாயில் மறுபடி புகுந்து, அதே முதுகின் பின்னே மறுபடி 'டிங்' என்றான். குடை மறுபடி சாய்ந்தது. "போங்க, போங்க" என்றார் அவர், இம்முறை இரட்டிப்பாய். அவ்வளவில் நிற்பவனா வீரன்? மூன்றாம் சுற்றுக்குக் கிளம்பிவிட்டான். வழியில் நாயொன்று ஒதுங்கிற்று, கீரைக்கூடைக்காரி ஒதுங்கினாள், யாருமே இல்லாத தெருமுனைக்கும் ஒரு 'டிங்' அருளி, வாகை சூடிச் சந்துக்குள் பாய்ந்தால், சந்து காலி.

நனைந்த குடை அலுவலக வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே நாற்காலியில் மேனேஜர். மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்ட, முகமெல்லாம் வெற்றிப் பெருமிதம் பூக்க, வந்து நின்ற நம் தலைவனை ஏற இறங்கப் பார்த்து அவர் கேட்டார்: "மணி என்னய்யா?"

அவரும் கவனித்துவிட்டாரே என்று பூரித்த அப்பேதை, நெஞ்சு நிமிர்த்தி, கம்பெனி முழுதும் கேட்கும்படி விடை பகர்ந்தான்: "பித்தளை சார்! தூக்கிப் பாருங்க, வெயிட்டே தெரியாது!"

அரை நாள் லீவு கட்டாகிவிட்டது.