கீரியின் மார்பளவும் காலாவதித் தேதியும்

ஒரு காட்டில் தங்கப்பழம் என்றொரு கீரி இருந்தது. அந்தக் காட்டில் சிங்கமும் இருந்தது. ஆனால் அது கோப்பில் கையெழுத்துப் போடுவதோடு சரி, இந்தக் கதைக்குள் வராது. இது முழுக்க முழுக்கக் கீரியின் மார்பைப் பற்றிய கதை.

தங்கப்பழத்துக்கு நல்ல ஓட்டம், நல்ல கண், நல்ல பல். மார்புதான் போதவில்லை. காட்டுக் காவல் படையில் கான்ஸ்டபிள் ஆகவேண்டுமானால் கீரிகளுக்கு மார்பு பன்னிரண்டு அங்குலம் இருக்கவேண்டும். மூச்சை இழுத்தால் இன்னும் ஓர் அங்குலம் விரியவேண்டும். தங்கப்பழத்துக்கு இருந்தது பதினொன்றரை. மூச்சை இழுத்தால் கண்தான் விரிந்தது. இரண்டு வருஷம் தேர்வுக்குப் போய், இரண்டு வருஷமும் அரை அங்குலத்தில் திரும்பி வந்தாயிற்று. இந்த ஆடி போனால் வயது வரம்பும் தாண்டிவிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் சாதாரணக் கீரிதான்.

அந்தக் காட்டில் சாதாரணமாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. குளத்தில் தண்ணீர் குடிக்க டோக்கன் வேண்டும். டோக்கன் வாங்க வரிசையில் நிற்கவேண்டும். வரிசையில் நிற்க முன்பதிவு செய்யவேண்டும். தங்கப்பழத்தின் அம்மாக் கீரி விடிந்ததும் போய் நிற்கும். உச்சி வெயிலில் முறை வரும்போது குளத்தில் மிச்சமிருப்பது சேறுதான். அதைக் குடித்துவிட்டு, "இன்னைக்குப் பரவால்லய்யா" என்று சொல்லிக்கொண்டே வரும். போலீஸ் குடும்பத்துக்கு மட்டும் வரிசை கிடையாது. நேரே போய்த் தெளிந்த தண்ணீரில் வாய் வைக்கலாம். தங்கப்பழத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். சட்டம் ஒழுங்கின் மேல் அதற்குப் பெரிய பாசமெல்லாம் இல்லை.

ஆகவே அது ஆவுடையப்பன் என்ற கரடி நடத்திய ஜிம்மில் போய்ச் சேர்ந்தது. கரடி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு புரோட்டீன் பவுடர் டப்பாவைக் கையில் திணித்தது.

"தெனம் ரெண்டு கரண்டிடே. பால்ல கலக்கிக் குடி. பால் இல்லன்னா தண்ணி. தண்ணிக்கு டோக்கன் கெடைக்கலன்னா அப்படியே வாயில போட்டு மெல்லு. ஒரு மாசத்துல ஒங்கம்மைக்கே ஒன்ன அடையாளம் தெரியாது."

தங்கப்பழம் மென்றது. தண்டால் எடுத்தது. இருபதே நாளில் மார்பு பதினொன்றேமுக்கால் ஆயிற்று. நல்ல பசி, நல்ல தூக்கம். இன்னும் கால் அங்குலம்தான் பாக்கி என்று சந்தோஷமாக உட்கார்ந்து விண்ணப்பப் படிவத்தை நிரப்பியது.

பெயர், இனம், வளையின் முகவரி, முன்னோர் கடித்த பாம்புகளின் விவரம் என்று எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பதினேழாம் பத்தி வந்தது. 'தாங்கள் உட்கொள்ளும் ஊட்டச்சத்துப் பொருளின் காலாவதித் தேதி. தேதி கடந்திருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.'

தங்கப்பழம் டப்பாவைத் திருப்பிப் பார்த்தது. தேதி சித்திரையிலேயே முடிந்திருந்தது. இப்போது ஆடி.

இருபது நாளாகச் சமர்த்தாக இருந்த வயிறு, அந்தத் தேதியைப் படித்த அரை நொடியில் கடமுடவென்றது. நாக்கு வறண்டது. கண் மஞ்சளாகிவிட்டதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டது. பிறந்ததிலிருந்தே அதன் கண் மஞ்சள்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

முதலில் காட்டு வாட்ஸ்அப் குழுவில் கேட்டது. 'விஷம்!' என்றது ஒரு மான். குரங்கு ஒன்று ஒன்பது நிமிஷத்துக்குக் குரல் பதிவு அனுப்பியது. அதில் ஏழு நிமிஷம் வாழைப்பழத்தைப் பற்றி. மயில் காலை வணக்கம் போட்டது. முதலை மட்டும் கனிவாக எழுதியது: 'தாராளமா சாப்பிடுங்க தம்பி, ஒண்ணும் ஆகாது. அப்படி ஏதாவது ஆனா குளத்தோரமா வந்து படுத்துக்கிடுங்க.'

பிறகுதான் சண்முகக்கனியிடம் போனது. சண்முகக்கனி ஒரு மூஞ்சூறு. கெட்ட பண்டம் எது, நல்ல பண்டம் எது என்று மோந்து சொல்வதில் அந்தக் காட்டில் அதற்கு மிஞ்சி ஆளில்லை. டப்பாவுக்குள் மூக்கை விட்டது, பொடியை விரலில் தேய்த்தது, நுனிநாக்கில் வைத்துப் பார்த்தது.

"கட்டி பிடிக்கல. காறல் வாடை இல்ல. நெறமும் மாறல. மூடிய நல்லா இறுக்கித்தான் வச்சிருக்க. தேதி முடிஞ்ச அன்னைக்கே வெசமா மாறுததுக்கு இது என்ன பாம்புப் பல்லாய்யா? சத்து கொஞ்சம் கொறஞ்சிருக்கும், ருசி கொறஞ்சிருக்கும், அம்புட்டுத்தான். ஈரம் பட்டு, கட்டி பிடிச்சு, வாடை வந்துட்டுன்னா, தேதி இருந்தாலும் தூரப் போட்ரு."

"நிச்சயமாத்தான் சொல்லுதியளாக்கா?"

"மூக்கு சொல்லுதுய்யா."

"எழுத்துல தருவியளா?"

"எனக்கு எழுதத் தெரியாதே."

தங்கப்பழத்துக்கு அங்கேயே நம்பிக்கை விட்டுப்போயிற்று. போர்டு இல்லை, முத்திரை இல்லை, வாயில் நுழையாத ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இப்படிப் புரிகிற மாதிரி பேசுகிறவர்களுக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது?

நேரே கரடியிடம் ஓடியது. "அண்ணாச்சி, டப்பா காலாவதி ஆயிட்டு. படிவத்துல தேதி கேக்கான். நான் என்ன செய்வேன்?"

கரடி அசரவில்லை. "தேதிதானடே பிரச்சினை? அதக் குடு இங்க." பழைய டப்பாவை வாங்கிக்கொண்டு, கூரை ஒழுகுகிற பின்கொட்டகைக்குள் போய் வேறொரு டப்பாவோடு வந்தது. டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தில் பசை இன்னும் காயவில்லை. அடுத்த வருஷம் மார்கழி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

தங்கப்பழம் மூடியைத் திறந்தது. உள்ளே பொடி இல்லை, கட்டிகள் இருந்தன. சில கட்டிகள் பச்சையாக இருந்தன. பழைய எண்ணெய்ச் சட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாடை மூக்கில் அடித்தது.

"அண்ணாச்சி, கட்டி பிடிச்சிருக்கே?"

"கட்டி இல்லடே. சத்து தெரண்டு நிக்கி."

"பச்சையா இருக்கே?"

"மூலிகை சேத்திருக்கான்."

"வாடை...?"

"ஏய், நீ தேதியப் பாப்பியா, வாடையப் பாப்பியா?"

அதுவும் நியாயம்தான். தங்கப்பழம் தேதியை இன்னொரு தடவை படித்தது. வயிற்றுக் கடமுடா அந்தக் கணமே நின்றது. பதினேழாம் பத்தியில் அழகாக எழுதிக் கொடுத்து முத்திரையும் வாங்கியாயிற்று.

திரும்பி வரும்போது ஜிம் ஜன்னல் வழியே பார்த்தது. கரடி அந்தப் பழைய டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துப் பாலில் கலக்கி, மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தது. தங்கப்பழத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நமக்கு வரவேண்டிய விஷத்தை அண்ணாச்சி தானே குடித்து அழிக்கிறாரே என்று நெஞ்சம் உருகி வீட்டுக்குப் போனது.

தேர்வுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. கால் அங்குலத்தை எட்டவேண்டுமே என்று தங்கப்பழம் தினம் நான்கு கரண்டி தின்றது. முதல் நாள் வாந்தி. இரண்டாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு. மூன்றாம் நாள் முகத்திலிருந்து இடுப்புவரை ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி வீங்கிப்போயிற்று. வால் மட்டும் பழைய அளவில் பாவமாகத் தொங்கியது.

"எய்யா, இது என்னய்யா கோலம்?" என்று பதறியது அம்மாக் கீரி.

"சத்தும்மா. ஏறுது."

"இந்த வேலையே வேண்டாம்ய்யா. எனக்குச் சேறே போதும்."

அந்த வார்த்தைதான் தங்கப்பழத்தைக் கொன்றது. அது எழுந்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டது.

தேர்வு நாள். காட்டெருமை இன்ஸ்பெக்டர் நாற்காலியில் இருந்தது. காவல் படையில் அளவெடுக்க டேப் கிடையாது. உடம்பெல்லாம் அங்குலக் கோடு போட்ட ஒரு சாரைப்பாம்புதான் டேப். கீரிக்கும் பாம்புக்கும் ஆகாதுதான். ஆனால் அரசாங்க உத்தியோகத்தில் அதெல்லாம் பார்க்க முடியுமா? சாரை ஒவ்வொரு கீரியையும் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சுற்றும்.

தங்கப்பழத்தைச் சுற்றியது. சுற்றிக்கொண்டே போனது. பன்னிரண்டாம் கோடு தாண்டியும் சுற்று முடியவில்லை என்றதும் கண்ணைத் திறந்து பார்த்தது.

"பதினாலரை அங்குலம் ஐயா!"

"மூச்ச இழு," என்றது இன்ஸ்பெக்டர்.

எங்கே இழுக்க? மூச்சு தொண்டைக்கு மேல்தான் இருந்தது. தங்கப்பழத்தின் கண் முன்னால் குளம், வரிசை, அம்மா எல்லாம் வந்து போயின. இத்தனை பாடுபட்டும் போயிற்றே என்று அது விக்கி அழப்போன சமயம், அடிவயிற்றிலிருந்து ஒரு காற்று கிளம்பி மேலே வந்தது. மார்பு தானாக எழும்பியது. சாரையின் எலும்புகள் சடசடத்தன.

"பதினாறு ஐயா! விடச் சொல்லுங்க ஐயா!"

தங்கப்பழம் ஏப்பம் விட்டது. முன்வரிசையில் நின்ற இரண்டு கீரிகள் மயங்கி விழுந்தன. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டது: "என்ன சாப்பிடுத?"

"புரோட்டீன் ஐயா."

இன்ஸ்பெக்டர் பதினேழாம் பத்தியைப் பார்த்தது. "தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்ப இது ஆரோக்கியமான வாடைதான். தேர்ச்சி!"

மறுநாள் காலை தங்கப்பழம் அம்மாவைக் குளத்துக்கு அழைத்துப் போனது. நெடுந்தூரத்துக்கு நின்ற வரிசை விலகி வழிவிட்டது. அம்மாக் கீரி தெளிந்த தண்ணீரில் வாய் வைத்து, மூச்சு வாங்க மறந்து குடித்தது. "இனிக்குய்யா," என்றது. தங்கப்பழம் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தானும் குனிந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தது. உள்ளே போகவில்லை, இடமில்லை.

டப்பா காலியானதும் பத்தே நாளில் வீக்கம் வடிந்தது. ஆரோக்கியம் திரும்பிவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். மார்பு பதினொன்றரைக்கு வந்து நின்றது. சீருடை தோளிலிருந்து நழுவியது. அன்றைக்குப் பார்த்து அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறு அளவு எடுக்கப்படும், குறைந்தவர்கள் பணிநீக்கம், அவர்கள் குடும்பத்துக்கு வரிசையின் கடைசி இடம்.

தங்கப்பழம் சீருடையைப் பிடித்துக்கொண்டு ஜிம்முக்குப் போனது. கரடி முன்பைவிடத் திடகாத்திரமாக, உடம்பு மினுமினுக்க உட்கார்ந்திருந்தது.

"அண்ணாச்சி, இன்னொரு டப்பா வேணும்."

"எது?" என்றது கரடி. இப்போது ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. "தேதி போயும் நல்லாருக்கே, அதுவா? தேதி இருந்தும் கெட்டுப்போச்சே, அதுவா?"

தங்கப்பழம் இடுப்பு பெல்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தது.

"கவர்மென்டு ஊழியன்கிட்ட கேக்குத கேள்வியா அண்ணாச்சி இது? தேதி இருக்கதக் குடுங்க. வாடை தூக்கலா உள்ளதாப் பாத்து."

நீதி: கெட்டுப்போனதைத் தின்றாலும் தேதி பார்த்துத் தின்ன வேண்டும், வேலை கிடைத்துவிட்டால் வீக்கத்துக்குப் பெயர் ஆரோக்கியம்.