சுவிட்சைத் தொடாத சுவிட்சு

மலேசியாவில், மம்பாவ் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் இதுவரை கால் வைத்தவர்களில், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காக இத்தனை பாடுபட்டவள் சுவிட்சு ஒருத்திதான். சும்மா இருப்பது சுகம் என்று நினைப்பவர்கள் அவளை ஒரு சனிக்கிழமை பார்த்திருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வருடம் படிக்க வந்தவள். சிரம்பானில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. யூதப் பெண். வெள்ளியன்று சூரியன் மறைந்ததிலிருந்து சனி மாலை மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அவர்களுக்கு ஓய்வு நாள். விளக்குப் போடக்கூடாது, அடுப்புப் பற்றவைக்கக்கூடாது, போனைத் தொடக்கூடாது. அவள் வீட்டில் யாரும் இதையெல்லாம் கடைப்பிடித்ததில்லையாம். இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் தான் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்து, ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே கற்றுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆனால் எல்லாச் சுவிட்சுக்கும் டேப் ஒட்டுவாள். விடுதியில் அந்தப் பெயரே விழுந்துவிட்டது.

"எங்க ஊர்ல கோடையில நட்சத்திரம் வர பதினோரு மணிக்கு மேல ஆயிரும். இங்க ஏழே முக்காலுக்கே வந்துரும்லா!" என்பாள், என்னிடம் பொறுக்கிய தமிழில்.

ஆனாலும் ஆறு சனிக்கிழமை முயன்று ஆறும் போயிற்று. ஒரு வாரம் லிப்ட் பட்டனை அமுக்கிவிட்டாள். ஒரு வாரம் ஐஸ்பெட்டியைத் திறந்தாள், உள்ளே விளக்கு எரிந்தது. தூக்கக் கலக்கத்தில் அலாரத்தை நிறுத்தினாள் ஒரு வாரம். மீதி மூன்றும் போன். அங்கே மதியம் ஆனதும், இங்கே நட்சத்திரம் வருமுன்னே, அவள் அப்பா கூப்பிடுவார், கை தானாகப் போய்விடும்.

உள்ளுக்குள் வேறொரு குடைச்சலும் இருந்தது. அவள் அப்பா யூதர், அம்மா இல்லை. அவர்களில் பலருக்கு அம்மா வழிதான் கணக்காம். "நீ பாதிதான்" என்று ஊரில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ஒரே ஒரு நாள் முழுசா இருந்துட்டா நான் பாதி இல்லன்னு எனக்கே தெரிஞ்சிடும். ஏழாவதும் போச்சுன்னா விட்டுடுவேன்" என்றாள். சொன்னபோது சிரிக்கவில்லை. லிப்ட் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

வந்ததும் ஐஸ்பெட்டி பல்பைக் கழற்றினாள். மின்விசிறியையும் பாத்ரூம் விளக்கையும் முன்கூட்டியே போட்டுவைத்தாள். போனை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாள். அப்பாவைத்தான் மறந்துவிட்டோம். எஸ்டேட் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பொழுது சாய்ந்த கையோடு டேப்பைப் பிய்த்து பாத்ரூம் விளக்கை அணைத்துவிட்டார்.

போடச் சொல்லி அடுத்தவரிடம் கேட்கவும் கூடாது, வேண்டுமானால் ஜாடையாகச் சொல்லலாம் என்று அவள் புத்தகத்தில் இருந்தது. சுவிட்சு போய், அப்பா பார்த்துக்கொண்டிருந்த டிவி பக்கத்தில் நின்றாள்.

"அங்கிள், பாத்ரூம் ரொம்ப இருட்டா இருக்கு."

"ஆமாம்மா, பொழுது போனா இருட்டத்தான் செய்யும்."

"உள்ள போனா ஒண்ணுமே தெரியல, அங்கிள்."

"கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும்லா."

அடுப்படியிலிருந்து அம்மா வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். பின்னாலேயே போய், "உனக்கு எப்படிம்மா புரிஞ்சுச்சு?" என்றேன்.

"நாப்பது வருஷமா உங்கப்பாகிட்ட நான் இப்படித்தானே பேசுறேன்? அந்த மனுஷனுக்குத்தான் இன்னும் புரியல."

வெள்ளிக்கிழமை என்பதால் எங்கள் வீட்டில் சைவம். சாப்பிடும்போது அந்த 'நீ பாதிதான்' கதையை அம்மாவிடம் சொன்னேன். "அப்பா யாரோ புள்ளையும் அதுதானே? இதுல என்னடி பாதி, முக்கா?" என்று சொல்லிவிட்டு சுவிட்சின் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். சுவிட்சு வெகுநேரம் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சாம்பாரில் காரம் கூடிவிட்டதோ என்று அம்மா கவலைப்பட்டார்.

மறுநாள் பகலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் சொக்குகிறது. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள்ளிருந்து பனி மெதுவாக விலகிப் போயிற்று. ரம்புத்தான் மரத்தடியில் பாய் விரித்துப் படுத்தாள். நானும் போனை உள்ளே வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தேன். எங்கோ சேவல் கூவியது, எங்கோ மோட்டார் போயிற்று, இலை நிழல் எங்கள் மேல் ஊர்ந்து ஊர்ந்து கால்பக்கம் வந்தது. மணி என்ன என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் இவ்வளவு நீளமா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மாலையில் வந்து சேர்ந்தது மேகம். ஏழே முக்கால் ஆயிற்று, எட்டும் தாண்டிற்று. இரண்டே இரண்டு நட்சத்திரம்தான். அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு மேரியக்கா எல்லோரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தோம். அந்த நேரம் பார்த்து பிஸ்கட் டின் அடித்தது. அவள் அப்பா.

சுவிட்சு இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். டின் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"அதோ மூணாவது!" என்று மேரியக்கா கத்தினார். சுவிட்சு டின் பக்கம் பாய்ந்தாள்.

"இரு புள்ள!" என்று அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அது நகருது. ஏரோப்ளேன்லா."

"யாருக்குத் தெரியப் போவுது, பாவம், எடுக்கட்டுமே" என்றார் அப்பா.

"அவளுக்குத் தெரியுமே" என்றார் அம்மா. பிடித்த கையை விடவில்லை.

டின் மூன்றாம் முறை அடிக்கத் தொடங்கியபோது செம்பனைக்கு மேலே மேகம் கொஞ்சம் விலகிற்று. சின்னதாக, நகராமல் ஒன்று. அம்மா நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுக் கையை விட்டார். சுவிட்சு போனை எடுத்து ஆங்கிலத்தில், "அப்பா, முழு நாள்!" என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

அவள் ஊர் திரும்பி சில வருடம் ஆகிறது. சனிக்கிழமை ஆனால் அங்கிருந்து 'மூணு' என்று ஒரே ஒரு சொல் செய்தியாக வரும். கோடையில் அது வரும்போது எங்களுக்கு ஞாயிறு விடிந்திருக்கும். போன வாரம் காலை ஏழு மணியாகியும் வரவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருக்க, அம்மா வாசலுக்குப் போய், விடிந்து வெளுத்த எங்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

"அங்க மேகமா இருக்கும்லா. கொஞ்சம் பொறு, புள்ள எண்ணிக்கிட்டிருக்கும்."