பாஸ்வேர்டு சரி, ஆள்தான் தப்பு

"சர்வீஸ்காரர் யாரும் வேணாம், கம்ப்யூட்டர்ல இருந்து அவரு படத்தை நானே எடுக்கிறேன்" என்று மாமியார் வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மாமனாரை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவருக்கு அடக்கம் ஆகிவிட்டது. எனக்குத்தான் அடக்கம் இல்லை.

மாமனார் இன்னாசி போட்டோவுக்கு நிற்காத மனிதர். வீட்டில் இருந்தது வாக்காளர் அட்டைப் படம் மட்டும். அதைப் பெரிதாக்கிச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தார். மாமியார் சந்தனம், "இது யாரோ. எங்க வீட்டு மனுசன் இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

நல்ல படம் ஒன்று இருந்தது. மச்சினி கல்யாணத்தில் நான் எடுத்தது. எனக்குக் குளத்தூரில் ஸ்டுடியோ. பழைய படங்களெல்லாம் அங்கே ஒரு சர்வர் பெட்டியில் கிடக்கின்றன. கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டால் எடுக்கலாம். அந்தக் கம்ப்யூட்டர் புகைந்து போய், புது லேப்டாப் வாங்கியிருந்தேன்.

போட்டேன். பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி போட்டேன். பெயரில்தான் பாஸ். ஒவ்வொரு தடவையும் பெயில்.

பெட்டியைத் தொடுகிற இன்னொரு ஆள் என் மனைவி ஷர்லிதான்.

"பாஸ்வேர்டை மாத்துனியா?"

"இல்லங்க."

"மாத்திட்டு மறந்திருப்ப."

"மாத்தாததை எப்படிங்க மறக்கிறது? சர்வீஸ்காரரைக் கேப்போமா?"

"நான் இருக்கப்ப அவரு எதுக்கு?"

"நீங்க இருக்கீங்க. படம் இல்லையே. அம்மா நேத்தும் சாப்பிடல."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள் காலை, கடைசியாக ஒருமுறை போட்டேன். அதே பழைய பாஸ்வேர்டு. திறந்துகொண்டது. ஏன் திறந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது வேறு யாருக்கும் தெரியக் கூடாது. பெட்டியையும் லேப்டாப்பையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஷர்லியோடு மாமியார் ஊரான ஆவூருக்குக் கிளம்பினேன். ஊர் வருவதற்குள் கதை தயார்.

"ஷர்லிதான் பாஸ்வேர்டை மாத்திட்டு மறந்துட்டா, அத்தை. நான்தான் கண்டுபுடிச்சேன்" என்றேன்.

மச்சினியும் சொந்தக்காரர்களும் ஷர்லியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"என்னன்னு மாத்தியிருந்தேன்?"

"உன் பொறந்த நாளுதான்."

அவள் லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள். "அதைப் போட்டுத் தொறங்க."

தேதி வந்தது. மாதம் வந்தது. வருசத்தில் தடுமாறினேன். அதையும் அவளே சொன்னாள். தவறு என்றது. அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பழையதையே போட்டாள். திறந்துகொண்டது.

"பாஸ்வேர்டு தப்பே இல்லம்மா. பெட்டி பழசு. பாஸ்வேர்டைப் பழைய மொறையில அனுப்புனாத்தான் அதுக்குப் புரியும். அந்த மொறை பாதுகாப்பில்லன்னு புது லேப்டாப்பு அனுப்ப மாட்டேங்குது. நேத்து சர்வீஸ்காரர் போன்ல சொல்லச் சொல்ல நான்தான் லேப்டாப்பு செட்டிங்கை மாத்துனேன். படத்தையெல்லாம் எடுத்துட்டுத் திரும்பப் பழையபடி வச்சிரணும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னு இருந்தேன்."

மாமியார் எங்களைக் கவனிக்கவில்லை. திரையில் மாமனார் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மாமியார் விரலால் அந்த முகத்தைத் தொட்டார்.

"இவருதான்."

வெகுநேரம் அழுதார். யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்து, மகளிடம் கொஞ்சம் சோறு கேட்டார்.

ஷர்லி அடுப்படிக்கு எழுந்தாள். போகிற போக்கில் என் பக்கம் குனிந்தாள்.

"நாளைக்குப் பூசைக்கு இதைப் பிரிண்ட் போட்டுக் கொண்டாந்துருங்க. லேப்டாப்பை மூடத் தெரியும்ல?"