நாற்பத்தொன்றாம் எண் நாற்காலி

கூலாய், ஜோகூர்,
ஞாயிறு, மதியம் மணி மூன்று.

பத்து பாகாட் ஊரில் வசிக்கும் மாப்பிள்ளை ராஜசேகரன் அவர்களுக்கு, நம் கட்சியின் கூலாய் கிளைச் செயலாளரும் உங்கள் மனைவி கஸ்தூரியின் அண்ணனுமான சபாபதி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். அங்கு நீங்கள் நலம் என்பதை இன்று காலை உங்களை நேரில் பார்த்தே தெரிந்துகொண்டேன். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டீர்களே என்பதால்தான் இந்தக் கடிதம்.

நாம் பேசி இரண்டு வருடமாகிறது. காலமானவர்களின் பெயர்களைக் கிளைப் பட்டியலில் வைத்திருக்கிறேன் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னீர்கள். "வாய மூடிட்டு உக்காருங்க" என்றேன். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பத்து பாகாட்டுக்கே போய்விட்டீர்கள். என் நிலைமையையும் பாருங்கள். விலகல் பாரத்தில் விலகுபவரேதான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கட்சி விதி. செத்துப்போனவர் எங்கே வந்து கையெழுத்துப் போடுவார்? அதனால் எழுபத்து மூன்று பேரில் ஐம்பத்தொருவர் காலமாகியும் உறுப்பினர்களாகவே நீடிக்கிறார்கள். உயிரோடு இருப்பது உங்களையும் சேர்த்து இருபத்திரண்டு. வருடா வருடம் வருகைப் பதிவில் மற்றவர்களின் கையெழுத்தை நான்தான் போட்டு வந்தேன்.

இந்த நிலையில்தான் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. உரையாடல் மூலம் கட்சிகளை வலுப்படுத்த ஓர் அறக்கட்டளை பயிற்சி நடத்துகிறதாம். ஐம்பது பேராவது வராவிட்டால் நம் கிளையைப் பக்கத்து ஊர்க் கிளையோடு சேர்த்துவிடுவார்களாம். இருபத்திரண்டு வருடச் செயலாளர் பதவி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்விடும். ஆகவே எழுபத்து மூன்று பேருக்கும் அழைப்பு அனுப்பினேன், எழுபத்து மூன்று நாற்காலி போட்டேன், நாற்காலிக்கு ஒரு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலமும் வைத்தேன். கையெழுத்தைத் தேநீர் இடைவேளையில் போட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம்.

ஜோகூர் பாருவிலிருந்து பயிற்சியாளர் ஷாந்தினி வந்தார். சிரித்த முகம். "எல்லா ஊருக்கும் ஒரே பாடம் கெடயாது அங்கிள். உங்க ஊருக்குத் தகுந்த மாதிரி செய்யலாம். மொதல்ல ஹேண்ட்போன எல்லாம் ஆஃப் பண்ணி இந்த பிஸ்கட் டின்ல போடுங்க" என்றார். பத்து மணிக்குப் போட்டோம். பிறகு நாற்காலிகளை எதிரெதிராகத் திருப்பி, பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றிலும் எண்ணோடு ஒரு பெயர்ச் சீட்டு வைத்தார். உயிரோடு வந்தவர்கள் இருபத்தொரு பேர். பெரும்பாலோருக்கு எதிரே காலி நாற்காலிதான். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவரோ மணியடித்து, "எதிர்ல இருக்கறவங்க பேசறத மூணு நிமிஷம் கேளுங்க, பதில் பேசாதீங்க" என்றார். மண்டபக் கூரையில் ஐந்து காற்றாடியும் ஓடின. ஒரு பெயர்ச் சீட்டுகூட அசையவில்லை. ஷாந்தினி நடுவில் நடந்துபோய், ஒரு காலி நாற்காலியிடம் குனிந்து, "கொஞ்சம் மெதுவா பேசுங்க, பக்கத்துல உள்ளவங்களுக்குக் கேக்கல" என்றார்.

மணி அடித்ததும் மகளிர் பிரிவு ராசம்மா எழுந்தார். அவருக்கு எதிரே இருந்தது எட்டு வருடத்துக்கு முன் காலமான சின்னத்தம்பியின் நாற்காலி. "இடுகாட்டுப் பாதையில ஒரு வெளக்குகூட இல்லயாம். எத்தன தடவ சொல்றதுன்னு கேக்குறாரு" என்றார். மறுகோடியில் ஐயாசாமி எழுந்தார். அவருக்கும் அதே புகார். காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்த அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு எதிரே பழைய தலைவர் கதிரேசுவின் நாற்காலி. காதோரம் சுருட்டு வாடை அடித்தது. "சபாபதி, என் கையெழுத்துல கடைசிச் சுழிய வருஷா வருஷம் விட்டுட்ற லா" என்றது அவர் குரல். பயத்தில் எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை.

அடுத்த சுற்றுக்கு ஆளுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்காரச் சொன்னார் ஷாந்தினி. நிமிர்ந்து பார்த்தால் நாற்பத்தொன்றாம் எண்ணில் நீங்கள். எப்போது வந்தீர்கள் என்றே தெரியவில்லை. உங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. வெள்ளைச் சட்டையில் மேல் இரண்டு பொத்தானைப் போடாமல் வந்திருந்தீர்கள். கூட்டத்துக்கு அப்படியா வருவது? "மச்சான், என் பேர மட்டும் எடுத்துடாதீங்க" என்றீர்கள். பதில் பேசக்கூடாது என்பது விதியாயிற்றே, தலையை மட்டும் ஆட்டினேன். மணி அடித்துத் திரும்புவதற்குள் உங்களைக் காணவில்லை. கிளையை விட்டுப் போக உங்களுக்கு மனமில்லை என்பது புரிந்தது. உண்மையைச் சொன்னால், கண் கலங்கிவிட்டது.

இடைவேளையில் கையெழுத்துப் போடப் போனேன். வருகைப் பதிவு நிரம்பியிருந்தது. எழுபத்து மூன்று கையெழுத்து, எழுபத்து மூன்று விதம். கதிரேசுவின் கையெழுத்தில் கடைசிச் சுழியும் இருந்தது. "ஃபுல் அட்டெண்டன்ஸ் அங்கிள். இவ்ளோ உயிரோட்டமான கிளைய நான் எங்கயும் பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டு ஷாந்தினி போய்விட்டார்.

காலி நாற்காலிகளில் மிஞ்சிய பொட்டலங்களை ஐயாசாமி வீடு வீடாகக் கொடுத்தார். ஒன்றிலும் உப்பில்லை, சம்பால் மிளகாய்த் துவையலில் காரமில்லை என்று எல்லோரும் குறைப்பட்டார்களாம். படையல் சோறு அப்படித்தான் இருக்கும் என்று ராசம்மா சொல்கிறார். நான் நம்பவில்லை. ஏனென்றால் நீங்கள் பிரிக்காமல் வைத்துவிட்டுப் போன பொட்டலத்தை வீட்டில் நான்தான் சாப்பிட்டேன். அதிலும் உப்பில்லை. கடைக்கார மலாய் அம்மா, அந்த மக்சிக்தான் மறந்திருப்பார்.

மாப்பிள்ளை, நீங்கள் அன்று சொன்னதுதான் சரி. என் பிடிவாதத்துக்கு மன்னியுங்கள். நாளை தலைமையகத்துக்கு உண்மையை எழுதி ஐம்பத்தொரு பெயரையும் எடுக்கச் சொல்லப்போகிறேன். கிளை போனால் போகட்டும். அடுத்த வாரம் தங்கச்சியோடு வாருங்கள், சேர்ந்து சாப்பிடுவோம். நீங்கள் இருவரும் பல்லாண்டு சேர்ந்து வாழ முருகன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
சபாபதி

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது ராசம்மா வந்தார். பிஸ்கட் டின்னில் நான் மறந்துவிட்டு வந்த போனைக் கொடுத்தார். ஆன் செய்து பார்த்தால், கஸ்தூரியிடமிருந்து பதினேழு அழைப்புகள். முதல் அழைப்பு காலை ஒன்பது இருபதுக்கு, நாற்காலி போட்ட சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கூப்பிட்டேன். "உங்களோட பேசணும்னுதாண்ணே கெளம்புனாரு. சட்ட பொத்தான் போட்டுக்கிட்டு இருந்தவரு, அப்படியே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சிட்டாரு" என்று அழுகிறாள். இதோ பத்து பாகாட்டுக்குப் புறப்படுகிறேன். மேலே எழுதியது எதுவும் வேண்டாம். தலைமையகத்துக்கு எழுதமாட்டேன். ஒரு பெயரையும் எடுக்கமாட்டேன். உயிரோடு இருப்பது இருபத்திரண்டு என்று எழுதியதைத் திருத்த எனக்குக் கை வரவில்லை. அடுத்த கூட்டத்திலும் நாற்பத்தொன்றாம் எண் நாற்காலி இருக்கும். உங்கள் கையெழுத்தை நான் போடமாட்டேன் மாப்பிள்ளை, நீங்களே வந்து போடுங்கள்.