சார்ஜன் காத்த கதவு

நாய் கடித்துவிட்டது என்று சொல்ல நல்லமுத்துக் கங்காணிக்கு வாய் வரவில்லை.

"கவ்வாத்துக் கத்தி பட்டுருச்சுங்க" என்றார்.

தோட்டத்து மருந்துக்கார ஐயா அவருடைய முன்கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். மேலே இரண்டு ஓட்டை. கீழே இரண்டு ஓட்டை.

"தேயிலை வெட்டுற கத்திக்கு எத்தனை பல்லு கங்காணி?"

"பழைய கத்திங்க."

"நாய்க்கடின்னா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. கத்தின்னா டிஞ்சர். எதுன்னு நீங்களே சொல்லிருங்க."

"கத்திதாங்க" என்றார் நல்லமுத்து, நிமிர்ந்திருந்த முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி.

டிஞ்சர் பட்டபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. பெரிய கங்காணி ஆண்டியப்பனின் மகன் முகம் சுளிப்பதில்லை. முந்நூறு பேரை ஒற்றைத் தடியால் மேய்த்த மனிதர் ஆண்டியப்பன். அவர் வளர்த்த நாயே அவர் பிள்ளையைக் கடித்தது என்று வெளியே தெரிந்தால், பிறகு பெரட்டுக் களத்தில் எந்த முகத்தோடு நிற்பது?

மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்தப் பெரட்டுக் களத்தில்தான் வினை காத்திருந்தது. மருந்துக்கார ஐயா துரைக்கு ஒரு துண்டு எழுதி அனுப்பியிருந்தார்: கவ்வாத்துக் கத்திகள் ஆபத்தான நிலையில் இருக்கின்றன. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா நாற்பது ஆண்களைத் தூறலில் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொரு கத்தியாக வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"கத்தியெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு" என்று பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கங்காணியார் வீட்டு நாய்ப்பல்லை ஒருக்காப் பாத்துருங்க."

நாற்பது பேரும் சிரிப்பை மென்று விழுங்கினார்கள். பேசியவள் ராக்காயி. பகலில் கொழுந்து பறிப்பவள். வெள்ளி, செவ்வாயில் கங்காணி வீட்டைக் கூட்டி மெழுகுபவளும் அவள்தான்.

"பெரிய வீட்டு விசயத்துல லயத்து வாய் எதுக்கு?" என்று உறுமினார் நல்லமுத்து.

"கோவிச்சுக்காதீங்கையா. அந்த நாயி படுக்கிற படுக்கையப் பத்தி ஒரு சொல்லு..."

"ஒன்கிட்ட கேட்டனா?"

அவள் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள்.

சார்ஜன் படுக்கிற படுக்கை தோட்டம் முழுக்கத் தெரிந்த கதைதான். பொலிஸ் சார்ஜனே கண்டு ஒதுங்குவான் என்று பெரியவர் வைத்த பெயர் அது. கறுப்பு உடம்பு, கிழிந்த ஒரு காது, கன்றுக்குட்டி உயரம். பெரியவர் இருந்த காலத்தில் அவருடைய வெள்ளிப்பூண் தடி எட்டும் தூரத்துக்குள் அது வந்ததே கிடையாது. அதை மரியாதை என்று குடும்பத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

பெரியவர் மறைந்து ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை, விடியலில் வேலைக்கு அழைக்கும் தப்பு மேளச் சத்தம் கேட்பதற்கு முன்பே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தடியால் தட்டி ஆளை எழுப்புவது அவர் வழக்கம். மூன்றாம் தட்டுக்குள் திறக்காத கதவுக்குப் பின்னால் இருப்பவன் பாடு அவனுக்குத்தான் தெரியும். அவரை அடக்கம் செய்த பிறகும் ஒரு வாரம் அந்தத் தட்டுச் சத்தம் கேட்டதாக லயத்தில் பேசிக்கொண்டார்கள். "அப்பா செத்தும் கடமை தவறலை" என்று நல்லமுத்து பெருமைப்பட்டார். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சார்ஜன் கொட்டகையை விட்டு வந்து பெரியவரின் அறை முன்னால் படுத்தது. மூடிய கதவுக்கு ஒரு முழம் தள்ளி, முன்னங்கால்களை நீட்டி, மூக்கைக் கதவடி இடுக்குக்கு நேராக வைத்துக்கொண்டு படுக்கும். யாராவது கதவில் கை வைத்தால் கடிக்கும். மூடுபனி இறங்கும் பின்னேரங்களில், பக்கத்தில் ஈ காக்கை இல்லாதபோதும், தொண்டைக்குள் உறுமும்.

"விசுவாசம்னா இதுதான்யா" என்று கொட்டகலை கடைவீதி முழுக்கச் சொல்லிப் பூரித்தவர் நல்லமுத்து. அந்த விசுவாசம் இப்போது கழுத்துக்கு வந்திருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை மகள் சண்முகவடிவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை கொட்டகலையில் வாத்தியார், தங்கமான பையன். ஒரே குறை, அவன் உடப்புசல்லாவை கணேசமூர்த்தியின் மகன். இருபது வருடத்துக்கு முன் மாரியம்மன் திருவிழாவில் கோயில் பரிவட்டத்தைக் கணேசமூர்த்தியின் தகப்பனுக்கு முதலில் கட்டிவிட்டார்கள். "அந்த வீட்டுக் கால் என் வாசலை மிதிச்சா, இந்தத் தடியாலயே முறிப்பேன்" என்று ஆண்டியப்பன் அன்றைக்குச் சொன்னார். சாகிற வரையில் சொல்லைக் காப்பாற்றினார். கோபம் மனிதனோடு போய்விடும் என்று நல்லமுத்து தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு சம்பந்தம் பேசியிருந்தார்.

ஆனால் அந்த வீட்டில் பெரியவர் முன்னிலை இல்லாமல் நிச்சயம் நடந்தது கிடையாது. பெரியவர் இறந்திருந்தால் அவருடைய கறுப்புக் கோட்டை நாற்காலியில் போர்த்தி, தலைப்பாகையை மேலே வைத்து, தடியைப் பக்கத்தில் சாய்த்து, அதன் முன்னால்தான் வெற்றிலை பாக்கு மாற்ற வேண்டும். கோட்டும் தலைப்பாகையும் தடியும் அறைக்குள்ளே. வெளியே சார்ஜன்.

"கோட்டு இல்லாமலே மாத்திக்கிட்டா என்னப்பா?" என்றாள் வடிவு.

"நம்ம என்ன நேத்துக் கப்பலேறி வந்தவங்களா?"

"துரைகிட்ட துப்பாக்கி இருக்குங்க" என்று மனைவி பூரணி மெல்லச் சொன்னாள்.

"அப்பா அறையைக் காக்கிற நாயைச் சுட்டுப்புட்டு, அப்பா கோட்டுக்கு முன்னாலயே நிச்சயம் பண்ணச் சொல்றியா? ஊரு காறித் துப்பும்."

"அப்ப ஊருக்குச் சொன்ன விசுவாசத்தை நாய்கிட்டயே போய்ச் சொல்லுங்க. கொஞ்சம் வழி விடும்."

செவ்வாய்க்கிழமை ஆட்டுக்கறி எலும்பு வாங்கி வந்து கொல்லைப் பக்கம் வைத்தார்கள். அது வரைக்கும் சார்ஜன் மத்தியானத்தில் ஒரு நாழிகை எழுந்து கொல்லைக்குப் போய்வரும்; கதவுப் பக்கம் காலடி கேட்டால் பாய்ந்து வந்துவிடும். அன்றைக்கு எழுந்து போய், எலும்பை வாயில் கவ்விக்கொண்டு வந்து, கதவு முன்னாலேயே படுத்துவிட்டது. இனி அந்த ஒரு நாழிகையும் இல்லை.

புதன்கிழமை நல்லமுத்துவுக்கே ஒரு யோசனை தோன்றியது. சாவுக்கு முன்பே சலவைக்குப் போன அப்பாவின் இன்னொரு தலைப்பாகை வெளி அலமாரியில் கிடந்தது. அதைக் கட்டிக்கொண்டார். குடைக்கம்பைக் கையில் எடுத்தார். அப்பா இருமுகிற மாதிரியே இரண்டு முறை இருமினார். நடையில் நின்று தரையில் மூன்று தட்டுத் தட்டி, "டேய் சார்ஜன்! எந்திரிடா!" என்றார்.

பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சார்ஜனின் காதுகள் தலையோடு ஒட்டிக்கொண்டன. வால் வயிற்றுக்கடியில் போயிற்று. படுத்த இடத்தை நனைத்தேவிட்டது.

"அடையாளம் தெரிஞ்சுருச்சுங்க!" என்று அடுப்படியிலிருந்து பூரணி கிசுகிசுத்தாள்.

நாய் மூடிய கதவைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. மறுபடி கதவைப் பார்த்தது. பூட்டி வைத்த பெட்டிக்குள் இருந்த பொருள் நடுத்தெருவில் கிடக்கக் கண்டவன் பார்க்கிற பார்வை அது. பிறகு ஒரே பாய்ச்சல். தலைப்பாகை ஒரு பக்கம், குடைக்கம்பு ஒரு பக்கம். கங்காணி திரும்பி ஓடியதால் கடி எங்கே விழுந்தது என்பதைக் குடும்ப மானம் கருதிச் சொல்லாமல் விடுகிறோம்.

"போலின்னு கண்டுபிடிச்சிருச்சு" என்றார் அவர், குப்புறப் படுத்துக்கொண்டு. "எங்கப்பாவுக்குப் பதிலா இன்னொருத்தரை அது ஏத்துக்காது."

அன்று பின்னேரம் கொட்டகலை கடைவீதியில் நூர்தீன் முதலாளியின் கடைக்குப் போனார்.

"உக்காருங்க கங்காணியார்."

"பரவால்ல, நிக்கிறேன்."

"அப்ப கத நெசந்தான்" என்றார் நூர்தீன். சிரிக்காமல் இருக்க மீசையைத் தடவிக்கொண்டார். "ஏன்ட மச்சானுக்குப் பொல்பிட்டியில மரம் விக்கிற மரக்காலை ஈக்கிது. காவலுக்கு நல்ல நாய் தேடுறாரு. லொறி அனுப்புறேன். ஆனா நாயைத் தொடுற வேலை நம்மளுக்குச் சரிவராது. ஒங்கட ஆள்கள வச்சு ஏத்துங்க."

"விக்கலீங்க முதலாளி. ஒரு வேலையா அனுப்பி வைக்கிறேன். அப்படித்தான் வெளிய சொல்லணும்."

"சரி சரி. உத்தியோக மாற்றம்னு சொல்லிருவோம்."

வியாழக்கிழமை நாலு ஆண்கள் கொழுந்துச் சாக்குகளோடு வந்தார்கள். பெண்கள் எல்லாரும் மலையில் இருந்த நேரம். சாக்கு விழுந்தபோது சார்ஜன் அவர்களில் ஒருவரைக்கூடக் கடிக்கவில்லை. கதவை நோக்கித் தரையைப் பிறாண்டிக்கொண்டே இழுபட்டது. லொறியில் கட்டிய பிறகும் யாரையும் பார்க்கவில்லை. வீட்டையே பார்த்து ஊளையிட்டது. வளைவு திரும்பி லொறி மறைந்த பிறகும் வெகுநேரம் அந்த ஊளை பனிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

நல்லமுத்து சாவியைத் துவாரத்தில் வைத்தார். திருப்புவதற்குள் கதவு உள்பக்கம் நகர்ந்து வழி விட்டது.

"பூட்டவே இல்லையாங்க?" என்றாள் பூரணி.

"துருப்பிடிச்ச பூட்டு."

உள்ளே சுருட்டு வாடை, இப்போதுதான் யாரோ அணைத்துவிட்டுப் போன மாதிரி. கதவின் உள்பக்கத்தில் நெஞ்சு உயரத்துக்கு வட்ட வட்டமாகப் பள்ளங்கள். பத்து, இருபது, எண்ண முடியவில்லை.

"எலி" என்றார் நல்லமுத்து.

"நெஞ்சு ஒசரத்துலயா?"

"மலைநாட்டு எலி."

கோட்டும் தலைப்பாகையும் கொடியில் தொங்கின. அடக்கத்தன்று ஆணியில் மாட்டிய தடி மட்டும் ஆணியில் இல்லை. கதவுக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற இடத்தில் சாய்ந்து நின்றது.

"நீ எடுத்து வச்சியா?"

"நான் எங்கங்க உள்ள வந்தேன்?"

"அப்ப வடிவாத்தான் இருக்கும்" என்றார். வடிவிடம் அவர் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் விடுவதும் குடும்ப மானத்தில் சேர்ந்ததுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கணேசமூர்த்தி ஏழு பேரோடு வந்து இறங்கினார். கூடத்தில் நாற்காலி போட்டு, கோட்டை விறைப்பாகப் போர்த்தி, தலைப்பாகையை மேலே வைத்து, தடியைச் சாய்த்திருந்தார்கள். வெளியே பனி. மலை தெரியவில்லை, லயம் தெரியவில்லை, அவர்கள் வந்த பாதையும் தெரியவில்லை. வாசற்படியில் கணேசமூர்த்தி ஒரு கணம் தயங்கி, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு குனிந்து காலைப் பார்த்தார்.

"இன்னும் முறியலை சம்மந்தி!"

எல்லாரும் சிரித்தார்கள். நல்லமுத்துவும் நின்றபடியே சிரித்தார். வெற்றிலைத் தட்டு மாறியது. வடிவு கும்பிட்டு எழுந்தாள். இருபது வருடப் பகை வெற்றிலையில் மடிந்து போயிற்று என்று அவருக்கு நெஞ்சு விம்மியது.

"பெரியவரு அறையை ஒரு நாயி காக்குதாமே? உடப்புசல்லாவை வரைக்கும் பேச்சு" என்றார் கணேசமூர்த்தி. "கண்ணுல காட்டுங்களேன்."

"ஏழு மாசமுங்க! வீட்டு ஆளுங்களைக்கூட உள்ள விடலை. அப்படி ஒரு விசுவாசம். இப்ப ஒரு வேலையா பொல்பிட்டிக்கு..."

தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த ராக்காயி நின்றுவிட்டாள். திறந்து கிடந்த அறைக்கதவைப் பார்த்தாள். அதற்கு முன்னால் வெறுமனே கிடந்த தரையைப் பார்த்தாள். தட்டோடு ஓர் அடி பின்வாங்கினாள்.

"சார்ஜன அனுப்பிட்டீங்களா ஐயா?"

"ராக்காயி, ஒன்கிட்ட யாரும்..."

"பேசட்டும் சம்மந்தி" என்றார் கணேசமூர்த்தி. "என்னம்மா, பயந்து போயிருக்க?"

"காவல் நாயி வாசலப் பாத்துல்லங்க படுக்கும்? எவன் வர்றான்னு பாக்கணும்ல? இது கதவப் பாத்துக்கிட்டுல்ல படுத்துக் கெடந்துச்சு. இதத்தான் அன்னைக்கே சொல்ல வந்தேன், ஐயா கேக்கல."

யாரும் தேநீரை எடுக்கவில்லை. பூரணியின் கண் மெதுவாக நாற்காலிப் பக்கம் போயிற்று. தலைப்பாகை இருந்தது. கோட்டு இருந்தது. தடியைக் காணவில்லை.

கணேசமூர்த்தி தம் இரண்டு கால்களையும் மெல்ல மடக்கி நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"அது நம்மள உள்ள விடாமக் காக்கலீங்க ஐயா" என்றாள் ராக்காயி, "அவர வெளிய விடாமத்தான் காத்துச்சு."